முன்னம் உணர்ந்து படித்தல்: பள்ளி ஆங்கிலத்தில் தொனியும் அணியும்

குத்துக்கல் என்பது நட்டு நிறுத்தப்பட்ட கல். வலசை என்பது ஓரிடம் விட்டுப் பெயர்ந்து வேறிடத்தில் குடியேறுதலைக் குறிக்கும் சொல். தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையின் பெயரில், அசையாத ஒன்றும் இடம்பெயரும் ஒன்றும் இவ்வாறு சேர்ந்தே நிற்கின்றன. அப்பெயரின் முதற்பாதியை இப்பகுதியின் வீடுகள் நாள்தோறும் வேறு பொருளில் ஆள்கின்றன. தன்னைக் கேளாமல் முடிவெடுத்துவிட்ட பிள்ளைகளிடம் ஒரு தாய், ‘இங்க ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கேம்லா’ என்னும்போது அது மனத்தாங்கல். வேலை குவிந்து கிடக்கச் சும்மா நிற்கும் மகனைப் பார்த்து, ‘குத்துக்கல்லாட்டம் நிக்கான் பாரு’ என்னும்போது அது கடிதல். எண்பது வயதைக் கடந்த முதியவரைப் பற்றி, ‘தாத்தா குத்துக்கல்லாட்டம் இருக்காக’ என்னும்போது அது வியப்பும் பாராட்டும் கலந்த மகிழ்ச்சி. உவமை ஒன்றே, அதை ஏந்திவரும் குரல் மூன்று. பள்ளி வாசலை மிதிக்காத குழந்தைகூட இம்மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதில்லை.

அதே குழந்தை ஒன்பதாம் வகுப்பிற்கு வந்து, ஆங்கிலச் செய்யுளில் ஓர் உவமையைக் கண்டால், ‘சிமிலி’ என்று எழுதி மதிப்பெண் பெற்றுவிடுகிறது; ஆனால் அந்த உவமையைச் சொல்பவர் வருந்துகிறாரா, கேலி செய்கிறாரா, எச்சரிக்கிறாரா என்று கேட்டால் விழிக்கிறது. வீட்டில் மூன்று குரலையும் பிரித்தறிந்த செவி, வகுப்பில் எங்கே போயிற்று என்பதே இச்சொற்பொழிவு எடுத்துக்கொண்ட கேள்வி.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. அணி என்பது சொல்லை அதன் நேர்ப்பொருளிலிருந்து பெயர்த்து வேறு பொருளுக்குக் கொண்டுசெல்லும் முறை. ஆங்கிலத்தில் மெட்டஃபர் என வழங்கும் சொல்லின் கிரேக்க மூலத்திற்கும் ‘ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் சுமந்து செல்லுதல்’ என்பதே பொருள் ஆகையால், உருவகத்தைச் சொல்லின் வலசை என்றே கூறலாம். தொனி என்ற சொல், 9ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் வாழ்ந்த ஆனந்தவர்த்தனரின் கொள்கை வழியாகக் குறிப்புப்பொருள் என்ற விரிந்த கருத்தோடு தமிழுக்கு வந்தது. பள்ளி ஆங்கிலத்தில் ‘டோன்’ எனப்படுவதோ அதைவிடக் குறுகியது. ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் 1929இல் வெளியிட்ட ‘பிராக்டிகல் கிரிட்டிசிசம்’ என்ற நூலில், ஒரு கூற்றின் பொருளைச் சொற்பொருள், உணர்ச்சி, தொனி, நோக்கம் என நான்காகப் பகுத்து, பேசப்படும் பொருளின்மேல் பேசுபவருக்குள்ள மனநிலையை உணர்ச்சி என்றும், கேட்பவர்மேல் அவருக்குள்ள மனநிலையைத் தொனி என்றும் வேறுபடுத்தினார். அந்நூலுக்காக அவர் 13 கவிதைகளை ஆசிரியர் பெயரின்றிக் கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பலவாறு தடுமாறினர். ஆகவே, தென்காசியிலுள்ள ஒரு மாணவி ஆங்கிலக் கவிதையின் தொனியைத் தவறவிடுவதை அவளுடைய குறையாகக் கருத இடமில்லை. அது யாருக்கும் தானாக வந்துவிடாத, கற்பிக்கப்படவேண்டிய திறன்.

ரிச்சர்ட்ஸ் பகுத்த பகுப்புக்கு மிக நெருங்கிய கருவி தமிழில் நெடுங்காலமாகவே உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகளைக் கூறுகிறது. அவற்றுள் கூற்று என்பது பேசுபவர். கேட்போர் என்பது அவர் யாரை நோக்கிப் பேசுகிறார் என்பது. களன் என்பது பேச்சு நிகழும் இடமும் சூழலும். எச்சம் என்பது சொல்லாமல் விடப்பட்டுக் கேட்பவரால் நிரப்பப்படுவது. இவற்றோடு முன்னம் என்றோர் உறுப்பும் உள்ளது. இந்தச் சொல்லை இந்த இடத்தில், இன்னார் இன்னாருக்குச் சொல்வதே பொருந்தும் என்று, சொல்லைக் கொண்டே உணர வைப்பது முன்னம். பள்ளி ஆங்கிலம் டோன் என்று கேட்பதற்குத் தமிழாசிரியரிடமிருந்து கடன்பெறத்தக்க சொல் இதுவே. ஆனால் தமிழ் வகுப்பும் ஆங்கில வகுப்பும் ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்த பாடவேளைகளில் நடந்தும், இந்தக் கடன் கேட்கப்படுவதில்லை.

குறை எங்கே தோன்றுகிறது என்பதை ஒரே ஒரு வாக்கியத்தை வைத்து அணுகிப் பார்க்கலாம். தேர்வு நாளன்று பாடநூலை மறந்துவிட்டு வந்த மகனிடம் திருநெல்வேலிச் சீமைத் தாய் ஒருத்தி, ‘ஏலே, நீதான் படிச்சுக் கிழிச்சவனாக்கும்!’ என்கிறாள் என்று கொள்வோம். சொற்களின் மேற்பரப்பில் இது மகனின் படிப்பைப் பற்றிய ஒப்புதல். ஆயினும் ‘தான்’ என்ற இடைச்சொல் அவனைப் பிரித்துத் தனியே நிறுத்துகிறது; ‘கிழித்தல்’ என்ற வழக்குச் சொல் செயலின் பயனின்மையைக் காட்டுகிறது; இறுதியில் வரும் ‘ஆக்கும்’ உறுதிமொழியின் வடிவத்தில் நின்று அந்த உறுதியையே கவிழ்த்துவிடுகிறது. மூன்று அடையாளங்களும் எழுத்திலேயே இருப்பதால், குரலைக் கேளாமல் தாளில் படிப்பவருக்கும் பொருள் தவறுவதில்லை. தமிழின் இயல்பு இது. தொல்காப்பிய இடையியல் ஏகாரத்திற்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து பொருளும், ஓகாரத்திற்கு ஆறு பொருளும் வகுத்திருப்பது, பேசுபவரின் மனநிலை இம்மொழியில் ஓரெழுத்து இடைச்சொற்களிலேயே ஏறி அமர்ந்துகொள்ளும் என்பதற்குச் சான்று. எழுத்தில் அடங்காத மிச்சத்தை உரையாசிரியர்கள் எடுத்தலோசை, படுத்தலோசை, நலிதலோசை என்று பெயரிட்டுக் காட்டினர்.

ஆங்கிலத்தில் இந்த ஏற்பாடு வேறு. அதே தாய் ஆங்கிலம் பேசுபவளாக இருந்தால், ‘யூ ஆர் எ கிரேட் ஸ்காலர்’ என்று சொல்லி, ஒரு சொல்லில் அழுத்தத்தையும் முடிவில் குரலின் இறக்கத்தையும் வைத்துக் கேலியை உணர்த்தியிருப்பாள். அவ்வாக்கியத்தைத் தாளில் எழுதினால் அழுத்தமும் இறக்கமும் உதிர்ந்து, வெறும் பாராட்டே மிஞ்சும். ‘தான்’, ‘ஆக்கும்’ ஆகியவற்றிற்கு அங்கே எழுத்து வடிவம் இல்லை. வீட்டில் இடைச்சொல்லைப் பற்றிக்கொண்டு தொனியை உணர்ந்து பழகிய குழந்தை, ஆங்கிலப் பக்கத்தில் பற்றுவதற்கு ஒன்றும் காணாமல் நேர்ப்பொருளிலேயே நின்றுவிடுவதற்கு இதுவே முதற்காரணம் என்று துணிந்து கூறலாம். ஆங்கிலத்தை அந்த ஒரு பாடவேளையில் மட்டுமே காதால் கேட்கும் பிள்ளைகளுக்கு இந்த இழப்பு இரட்டிப்பாகிறது; அழுத்தமும் இறக்கமும் எப்படி ஒலிக்கும் என்பதற்கு அவர்களிடம் நினைவுச் சேமிப்பே இல்லை.

அப்படியானால், எழுதப்பட்ட ஆங்கிலத்தில் தொனிக்கு அடையாளமே இல்லையா என்றால், உண்டு. அது வேறிடத்தில் இருக்கிறது. ஒரே பொருள் தரும் பல சொற்களுள் எது தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதிலும், பேசப்படும் செய்தியின் கனத்திற்கும் பேசும் முறையின் எளிமைக்கும் உள்ள பொருத்தமின்மையிலும், அணிகள் எந்தப் புலத்திலிருந்து எடுக்கப்பட்டன என்பதிலும் அது பதுங்கியிருக்கிறது. தமிழ்நாட்டு அரசின் ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்ற கீவ் பட்டேலின் ‘ஆன் கில்லிங் எ ட்ரீ’ என்ற கவிதை இதற்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த பாடம்.

பட்டேல் (1940–2023) மும்பையில் மருத்துவராகப் பணியாற்றியவர், நாடகாசிரியர், ஓவியர். இக்கவிதை ஒரு மரத்தை எவ்வாறு கொல்வது என்பதற்கான செய்முறை விளக்கம்போல அமைந்திருக்கிறது. கத்தியால் ஒரு குத்துக் குத்தினால் போதாது என்று தொடங்கி, பல்லாண்டு வெயிலையும் காற்றையும் நீரையும் உண்டு வளர்ந்த மரம் வெட்டினாலும் துளிர்க்கும் என்று எச்சரித்து, வேரைக் கயிறு கட்டி மண்ணிலிருந்து முழுவதும் இழுத்தெடுத்து, வெயிலிலும் காற்றிலும் வாட்டி உலர்த்தினால் வேலை முடிந்தது என்று அது கூறுகிறது. குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை, மரங்களைக் காப்போம் என்ற வேண்டுகோளும் இல்லை. ஆகவே நேர்ப்பொருளில் படிக்கும் மாணவர் ‘மரத்தை அழிக்கும் வழியைக் கவிஞர் கற்பிக்கிறார்’ என்று எழுதினால், அவர் சொற்களைச் சரியாகவே படித்திருக்கிறார். கைடு நூலைப் படித்துவிட்டு ‘கவிஞர் மரங்களைப் பாதுகாக்கச் சொல்கிறார்’ என்று எழுதும் மாணவரோ விடையைச் சரியாக எழுதியிருந்தும் கவிதையைப் படிக்கவே இல்லை. முதல் மாணவரே ஆசிரியருக்கு அருமையானவர். அவரிடமிருந்துதான் பாடம் தொடங்க முடியும்.

அவரிடம் அணிகளைப் பார்க்கச் சொல்லவேண்டும். மரப்பட்டை இங்கே நோயுற்ற தோலாக உருவகிக்கப்படுகிறது. வெட்டுவாயில் குருதி வடிகிறது. வேரின் அடி, உள்ளே மறைந்திருந்த வெண்மையும் ஈரமும் கொண்ட, தொட்டால் துடிக்கும் உறுப்பாகக் காட்டப்படுகிறது. இவை எல்லாம் உடலின் சொற்கள். குரல் ‘இது ஒரு வேலை’ என்கிறது. அணிகளோ ‘இது ஓர் உடல்’ என்கின்றன. அறுவைக் கூடத்தில் மருத்துவர் பேசும் சலனமற்ற மொழியில், காப்பதற்கு மாறாகக் கொல்வதற்கான கட்டளைகள் வருகின்றன. இந்தப் பொருத்தமின்மையிலேயே கவிதையின் சினம் அடங்கியிருக்கிறது. பரிவு என்ற ஒரு சொல்கூட வராமல் பரிவு உண்டாக்கப்படும் விதத்தைப் புரிந்துகொள்ளும் மாணவருக்கு, தொனியும் அணியும் வினாத்தாளில் தனித்தனியே கேட்கப்பட்டாலும் கவிதைக்குள் ஒன்றை மற்றொன்று காட்டிக்கொடுக்கும் தொழிலைச் செய்கின்றன என்பது விளங்கும். திருநெல்வேலி–தென்காசிச் சாலை நான்குவழிச் சாலையாக விரிவுபடுத்தப்பட்டபோது ஓரத்து மரங்கள் வெட்டப்பட்டதைப் பேருந்துச் சன்னல் வழியே கண்டு வந்த பிள்ளைகளுக்கு, மண்ணிலிருந்து வெளியே வந்த வேர் எப்படி இருக்கும் என்று சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

சொல்லுக்கு மாறான பொருளை உணர்த்தும் இந்த முறை தமிழுக்குப் புதிதும் அன்று. புறநானூற்றின் 95ஆம் பாட்டில், தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் கருவிகள் பீலி அணிந்து, மாலை சூட்டப்பட்டு, நெய் பூசப்பட்டுப் பளபளப்பதாகவும், அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதாகவும் ஔவையார் கூறுகிறார். புகழப்பட்டது தொண்டைமானின் கொட்டில், இகழப்பட்டவனும் தொண்டைமானே. இதனை வஞ்சப் புகழ்ச்சி என்று பெயரிட்டு மனப்பாடம் செய்த மாணவர், ஆங்கில வகுப்பில் ‘ஐரனி’ என்ற சொல் வரும்போது அதை முற்றிலும் புதிய சரக்காக எண்ணி மீண்டும் மனப்பாடம் செய்கிறார். ஔவை யாரிடம், எந்த அவையில், எதற்காகச் சென்று நின்று பேசினார் என்ற முன்னத்தை ஒருமுறை உணர்ந்தவருக்கு, பட்டேலின் கவிதையில் பேசும் குரலை எங்கே ஐயுறவேண்டும் என்பதும் எளிதில் புலனாகும்.

பேசுபவர் வேறு, கவிஞர் வேறு என்பதும் பள்ளியில் அடிக்கடி மறக்கப்படுவதே. அதே ஒன்பதாம் வகுப்பு நூலில், 1794இல் வெளிவந்த வில்லியம் பிளேக்கின் ‘எ பாய்சன் ட்ரீ’ உள்ளது. பகைவன்மேல் கொண்ட சினத்தை வெளியிடாமல் உள்ளே வைத்த ஒருவன், அதற்கு அச்சத்தை நீராக வார்த்துப் புன்னகையை வெயிலாகக் காட்டி வளர்க்கிறான், கனி பழுக்கிறது, அதைத் திருடித் தின்ற பகைவன் மரத்தடியில் கிடப்பதைக் கண்டு அவன் மகிழ்கிறான். நீரும் வெயிலும் வெளிப்படையாக உருவகிக்கப்பட, சினமே செடி என்பது சொல்லப்படாமல் படிப்பவரின் ஊகத்திற்கு விடப்படுவதால், தமிழ் அணியிலக்கணம் கூறும் ஏகதேச உருவகத்திற்கு இது மிக அருகில் வருகிறது. ஆனால் வகுப்பில் எழும் உண்மையான கேள்வி அதுவன்று. ‘ஒருவன் செத்ததற்குக் கவிஞர் சந்தோஷப்படலாமா?’ என்பதே அது. சங்க அகப்பாடல்களின் அடியில் ‘தலைவி கூற்று’, ‘தோழி கூற்று’ என்று எழுதிவைத்த மரபினருக்கு இதன் விடை கடினமானதாக இருக்கவேண்டியதில்லை. தோழி பொய் சொன்னால் அதைக் கபிலரின் பொய் என்று எவரும் கொள்வதில்லை. பிளேக்கின் கவிதைக்கும் அடியில் ‘சினத்தை மறைத்தவன் கூற்று’ என்று ஒரு குறிப்பை மாணவரையே எழுதச் செய்தால், குழந்தைப் பாட்டைப் போன்ற அதன் எளிய சந்தம், சொல்லப்படும் கொடுமையோடு எவ்வளவு அச்சமூட்டும்படி முரண்படுகிறது என்பது தானே வெளிப்படும்.

பத்தாம் வகுப்பில் வரும் ரட்யார்ட் கிப்ளிங்கின் ‘தி சீக்ரெட் ஆஃப் தி மெஷின்ஸ்’, 1911இல் இங்கிலாந்து வரலாறு பற்றிய ஒரு பள்ளி நூலுக்காக எழுதப்பட்டது. இயந்திரங்கள் பேசுவதால் ‘பெர்சானிஃபிகேஷன்’ என்று எழுதிவிட்டு மாணவர் நகர்ந்துவிடுகிறார்; பணியாளரின் குரலில் தொடங்கி, தற்பெருமையாக வளர்ந்து, மன்னிக்கத் தெரியாத தங்கள் இயல்பைச் சொல்லி மிரட்டி, கடைசியில் மனித மூளையின் பிள்ளைகளே தாங்கள் என்று தணியும் அந்தப் பேச்சில், தொனி மூன்று இடங்களில் திரும்புவதை அவர் பார்ப்பதில்லை.

குற்றாலத்துக்கு அருகே இருந்துகொண்டு இத்திறனுக்குப் பயிற்சிக் களம் தேடி வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியில், குறி சொல்லப் போய்ப் பரிசில்களோடு திரும்பிய சிங்கியைச் சிங்கன் சந்திக்கும் பகுதி இருக்கிறது. அவளுடைய காலிலும் இடையிலும் கழுத்திலும் தான் முன்பு காணாத பொருள்களைக் கண்டு, அவற்றின் பெயர் அறியாமல் காட்டு உயிர்களாகவும் புண் வீக்கமாகவும் எண்ணிக்கொண்டு, இது என்ன, அது என்ன என்று அவன் கேட்க, ஒவ்வொன்றும் இன்ன நாட்டில் குறி சொன்னதற்குக் கிடைத்த அணிகலன் என்று அவள் விடை சொல்லிக்கொண்டே போகிறாள். சிங்கன் கேட்பவை மேற்பரப்பில் அறியாமையின் வினாக்கள். அடியில், மனைவி இத்தனை நாள் எங்கே போயிருந்தாள் என்ற ஐயம். அதற்கும் அடியில், அவளைத் திரும்பக் கண்ட காதல். சிங்கியின் விடைகளில் பெருமிதமும், கணவனைச் சீண்டும் குறும்பும் ஒருங்கே இருக்கின்றன. ‘உவமை’ என்று மட்டும் குறித்துவைத்தால் இவற்றுள் ஒன்றும் அகப்படாது. இரண்டு மாணவர்கள் எழுந்து நின்று இப்பகுதியை முதலில் ஐயத்தோடும், பிறகு கொஞ்சலோடும் பேசிக் காட்டினால், ஒரே வினா எவ்வாறு இருவேறு வினாவாகிறது என்பதை வகுப்பு முழுவதும் காதாலேயே அறிந்துகொள்ளும். அடுத்த பாடவேளையில் ஆங்கில உரையாடலுக்கும் அதையே செய்யலாம்.

கவிதையைச் செவியால் அறியவேண்டும் என்ற கொள்கைக்கு எடுத்துக்காட்டாக இவ்வட்டாரத்திலேயே பெரியவர் ஒருவர் வாழ்ந்தார். ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார், திருநெல்வேலியில் தம் இல்லத்தில் கூடிய வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்திலும், பின்னர் குற்றாலத்திலும், ஒரே பாடலைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்காட்டி, சொல்லும் விதத்திலேயே அதன் பாவத்தைக் கேட்பவர் உணரும்படி செய்தார். உரையும் இலக்கணமும் பின்னால் வரட்டும் என்ற அவருடைய வரிசை, பள்ளி ஆங்கிலத்துக்கு இன்று மிகவும் தேவைப்படுவது. எனினும், கம்பராமாயணப் பாடல்களுள் தம் செவிக்கு ஒவ்வாதவற்றைக் கம்பருடையவை அல்ல என்று அவர் ஒதுக்கியதும், சொற்களைத் திருத்தியதும் கடும் எதிர்ப்பைப் பெற்றன. அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. செவி முதலில் வழிகாட்டட்டும். ஆனால் செவி சொன்னதற்குச் சொல்லிலிருந்து சான்று காட்டச் சொல்வதே கல்வி. ‘இந்தக் குரல் கேலி செய்கிறது’ என்று ஒரு மாணவி கூறினால், எந்தச் சொல்லிலிருந்து அப்படித் தோன்றியது என்று விரல் வைத்துக் காட்டும் வரை ஆசிரியர் அவளை விடலாகாது.

செவி ஏமாற்றும் இடங்களும் உள்ளன. மழையைப் போகச்சொல்லும் ஆங்கில மழலைப் பாட்டைப் பாடி வளரும் குழந்தை, ஜூன் பிறந்ததும் சாரல் எப்போது விழும், அருவியில் எப்போது தண்ணீர் கொட்டும் என்று காத்திருக்கும் மண்ணில் பிறந்தது. ஆங்கிலக் கவிதையில் மழை பெரும்பாலும் சோர்வின் குறியாகவும், வெயில் மகிழ்ச்சியின் குறியாகவும் வரும்போது, குற்றாலத்துக் காற்றை மூச்சில் வாங்கியவர் தலைகீழாக உணர்வது இயற்கை. அவ்வாறே, ஆந்தை அங்கே அறிவாளி. இங்கே ‘ஆந்தை மாதிரி முழிக்காதே’ என்பது வசை. இத்தகைய இடங்களில் மாணவரின் உணர்வைத் தவறு என்று அடிப்பதைவிட, எந்தத் தட்பவெப்பத்தில் எந்த ஊர் மக்கள் இச்சொல்லைப் பெயர்த்து வைத்தார்கள் என்று கேட்பது பயன் தரும்.

பொதுத்தேர்வு வினாத்தாள் அணியின் பெயரையும் இயைபு அமைப்பையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். அதற்கு மாணவரை ஆயத்தப்படுத்துவது ஆசிரியரின் கடமை, அதைக் குறைத்துப் பேசுவது முறையன்று. ஆனால் அந்த ஆயத்தத்திற்கு முன்னால் செலவிடத்தக்க பத்து நிமிடம் எல்லா வகுப்பிலும் உண்டு. பட்டேலின் கவிதைக்கு அந்தப் பத்து நிமிடம் தலைப்பிலேயே தொடங்கலாம். கரும்பலகையில் ‘மரத்தை வெட்டு’, ‘மரத்தைச் சாய்’, ‘மரத்தைக் கொல்லு’ என்று மூன்று வரி எழுதி, வேலையாளிடம் சொல்வதுபோல ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லும்படி பிள்ளைகளிடம் கேட்கலாம். முதல் இரண்டையும் அவர்கள் கூசாமல் சொல்வார்கள், ஏனென்றால் அவை ஊரில் வழங்கும் சொற்கள். மூன்றாவதைச் சொல்ல வாய் ஒரு கணம் தயங்கும். பிறகு ஆங்கிலத் தலைப்பைப் படிக்கச் சொல்லி, அந்தத் தயக்கம் கவிதையின் எந்த அடிவரைக்கும் கூடவே வருகிறது என்று பென்சிலால் குறித்துவரச் சொல்லலாம்.